வருஷக் கடைசி மீற்றிங்கில ஆருக்கு, எதுக்கு நன்றி சொல்லுறது?

நீங்கள் கேட்டதை மேலோட்டமா வாசிச்சா இது தான்: கொழும்பு ஹெட் ஒஃபீஸில இருந்து மெயில் வந்திருக்கு, டிசம்பர் முடியிறதுக்குள்ள ஒவ்வொரு பிராஞ்சும் ஸ்ராஃபை எல்லாம் ஒண்டா இருத்தி, இந்த வருஷம் ஆருக்கு நன்றி சொல்லோணும், என்னத்தில வளந்தனாங்கள் எண்டு ஆளாளுக்குக் கதைக்க வைக்கோணுமாம், யாழ்ப்பாண பிராஞ்சில நீங்கள் 11 பேர், இதை என்னண்டு நடத்துறது எண்டு. ஆனா கடைசி மூண்டு வரியில தான் மெய்யான கேள்வி கிடக்கு. எங்கட ஆக்கள் இப்பிடி வாய் திறந்து சொல்ல மாட்டினம், அதில ஒரு மூத்தவருக்கு இந்த முறையும் புரமோஷன் கிடைக்கேல்லை, கடைசியில இது ஒரு நாடகமா முடிஞ்சிடுமோ எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப நீங்கள் கேக்கிறது இதால ஏதும் பிரயோசனம் இருக்கோ, ஆரையும் நோகடிக்காமல் செய்யேலுமோ எண்டு. அதுக்குத் தான் பதில் சொல்லப் பாக்கிறன், நீண்டு போச்செண்டா குறை நினைக்காதேங்கோ.

நான் ஆர் எண்டதை முதல் சொல்லிவிடுறன், அப்ப தான் இதில எதை எடுக்கிறது எதை விடுறது எண்டு உங்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கம் ஒண்டில கிளாக்காத் துவங்கி, பேந்து ஸ்ராஃப் ட்ரெயினிங் பக்கம் வந்து, கனகாலமா யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் இதே வேலை தான். எனக்குப் பழக்கம் எல்லாம் பத்துப் பதினைஞ்சு பேர், மிஞ்சினா முப்பது பேர் வேலை செய்யிற இடங்கள், வங்கிக் கிளை, கணக்காளர் ஒஃபீஸ், இப்ப கொஞ்ச வருஷமா ஐடி கொம்பனியள். நூற்றுக்கணக்கான பிள்ளையள் ஷிஃப்டில வேலை செய்யிற ஃபக்டரிக்கு நான் சொல்லுறது பொருந்தும் எண்டு சொல்ல மாட்டன். சூமில நடத்திறதுக்கும் நான் சரியான ஆள் இல்லை, நான் செய்தது எல்லாம் முகத்தைப் பாத்துச் செய்தது.

எங்கட ஆக்கள் நன்றி சொல்ல மாட்டினம் எண்டு நீங்கள் சொன்னது பாதி தான் சரி. எங்கட ஊரில நன்றி சொல்லுற சடங்குக்கு ஒரு குறைவும் இல்லை, ஆனா அது ஆள் வெளிக்கிடேக்க தான் நடக்கும். ஒராள் இடமாற்றத்தில போனா, பென்ஷனில போனா பாருங்கோ, பிரியாவிடை வைச்சு, மாலை போட்டு, பொன்னாடை போத்தி, பிரேம் போட்ட வாழ்த்து மடலை ஒருத்தர் எழும்பி நிண்டு ராகத்தோட வாசிப்பார், பக்கத்து மேசையில பத்து வருஷம் இருந்த மனிசனுக்கே இவர் இவ்வளவு பெரிய ஆளோ எண்டு அண்டைக்குத் தான் தெரிய வரும். அரசாங்க ஒஃபீஸுகளில வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியில இருந்து நடைமுறைக்கு வாறபடியால், டிசம்பர் கடைசிக் கிழமை முழுக்க இப்பிடிப் பொன்னாடை தான். நவராத்திரிக்கு ஒஃபீஸில வாணி விழா வைச்சு லெஜரையும் கொம்பியூட்டரையும் கும்பத்தடியில வைச்சு சந்தனம் பூசுறம், சித்திரை வருஷத்துக்கு முதலாளி வெத்திலைக்க காசு வைச்சு கைவிசேஷம் தாறார். போற ஆளுக்கும் சொல்லுறம், மெசினுக்கும் சொல்லுறம், நாளைக்கும் பக்கத்தில இருந்து வேலை செய்யப்போற ஆளுக்குத் தான் சொல்லுறேல்லை.

சொல்லாட்டியும் காட்டுறது வேற வழியால. 2022ல மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள், பேந்து பெற்றோலுக்கு நாள்கணக்கில லைன், பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்க கியூஆர் முறை வந்தாப் பிறகு துவக்கத்தில மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரில கோப்பாயில இருந்து வாற பெடியன் ஒருத்தன் இருபாலைச் சந்தியில நிண்டு இன்னொரு ஸ்ராஃபை ஏத்திக்கொண்டு வாறவன், மாதக்கணக்கா. ஏறி வந்தவர் ஒருநாளும் தாங்ஸ் எண்டு சொன்னதை நான் கேக்கேல்லை, இறங்கின உடன “வாடாப்பா ரீ குடிப்பம்” எண்டுவார், ரீக்கும் வடைக்கும் காசு அவர் குடுப்பார், அவ்வளவு தான். இப்பிடிப் பழகின ஆக்களை வட்டமா இருத்தி ஒவ்வொருத்தரா நன்றி சொல்லுங்கோ எண்டா என்ன வரும்? “எல்லாரும் நல்ல ஒத்துழைப்புத் தந்தவை, எல்லாருக்கும் நன்றி, அடுத்த வருஷமும் இப்பிடியே செய்வம்.” பதினொரு பேரும் இதையே சொல்லி முடிக்க பத்து நிமிசம் போகாது, பேந்து ரோல்ஸ் சாப்பிட்டுப்போட்டு எழும்பிப் போவினம். உங்கட பயம் நியாயமான பயம் தான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது எண்டு பாத்தா, நிச்சயமானதும் இருக்கு, சந்தேகமானதும் இருக்கு, ரெண்டையும் கலந்து தான் ட்ரெயினர்மார் ஸ்லைடில போட்டுக் காட்டுறது. 2003ல ரொபேர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ எண்ட ரெண்டு அமெரிக்க உளவியல்காரர், தங்களுக்குக் கிடைச்ச நல்லதுகளைக் கிழமைக்கு ஒருக்கா எழுதின மாணவர்மார், கரைச்சல்களை எழுதின மாணவர்மாரை விட தங்கட வாழ்க்கையைக் கூட நல்லதாச் சொல்லினம் எண்டு காட்டினவை, அதில இருந்து தான் நன்றிக் கொப்பி எழுதுற பழக்கம் உலகம் முழுக்கப் பரவினது. ஆனா ஒரு கூட்டத்தைக் கரைச்சலை எழுதச் சொல்லிப்போட்டு அதோட ஒப்பிட்டா நன்றி பெரிசாத் தெரியும் தானே. பிறகு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை, வேற ஏதும் பிரயோசனமான வேலை குடுத்த ஆக்களோட ஒப்பிட்டா வித்தியாசம் சின்னன் தான் எண்டு சொல்லியிருக்கினம். ஆகவே நன்றி மீற்றிங் வைச்சா மன அழுத்தம் போயிடும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. இன்னொண்டு, மேலதிகாரி நேர வந்து நன்றி சொன்னா வேலை ஐம்பது வீதத்துக்கு மேல கூடும் எண்டு ஒரு 2010 கட்டுரையைக் காட்டுவினம், ஃபோன் எடுத்து நன்கொடை சேர்க்கிற ஆக்களில செய்தது. அதை எழுதின ரெண்டு பேரில ஒருத்தர் மேல வேற கட்டுரைகளில தரவை மாத்தினதா குற்றச்சாட்டு வந்து, 2025ல ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவவின்ர நிரந்தரப் பதவியை எடுத்துப்போட்டுது, அவா மறுக்கிறா. குற்றச்சாட்டு வந்தது இந்தக் கட்டுரையில இல்லை தான், எண்டாலும் நான் இப்ப அந்த ஐம்பது வீதக் கதையை வகுப்பில சொல்லுறேல்லை.

நான் நம்பி எடுக்கிறது 2018ல அமித் குமார், நிக்கலஸ் எப்லி எண்டவை செய்தது. ஆக்களை நன்றிக் கடிதம் எழுத வைச்சு, வாசிக்கிறவருக்கு எப்பிடி இருக்கும் எண்டு எழுதினவையளிட்ட முதலே கேட்டவை, பேந்து வாசிச்சவையளிட்டக் கேட்டவை. எழுதினவை நினைச்ச அளவுக்கு வாசிச்சவைக்குக் கூச்சம் வரேல்லை, நினைச்சதை விட சந்தோசம் கூட. அதாவது சொல்லப்போற ஆள் தன்ர வெக்கத்தைத் தான் அளந்துகொண்டு இருக்கிறார், கேக்கிறவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கட ஆக்களிட்ட இது இன்னும் கூட எண்டு தான் என்ர அனுபவம். அதால கூச்சத்துக்குப் பயந்து கைவிடாதேங்கோ, கூச்சம் குறையிற மாதிரி கேள்வியை மாத்துங்கோ.

எப்பிடி மாத்துறது எண்டா, ஹெட் ஒஃபீஸ் ரெண்டு கேள்வி அனுப்பியிருக்கு, ஆருக்கு நன்றி எண்டு ஒண்டு, என்னத்தில வளந்தனீங்கள் எண்டு ஒண்டு. ரெண்டையும் தனித்தனியாக் கேட்டா முதலாவதுக்குப் பொதுப்படையாச் சொல்லுவினம், ரெண்டாவதுக்குப் பெருமை அடிக்க வேண்டி வரும், எங்கட ஊரில அது சரிவராது, கண்ணூறு படும் எண்டு வாயைத் திறக்காத ஆக்களும் இருக்கினம். நான் ரெண்டையும் ஒரே கேள்வியாக் கேப்பன்: போன ஜனவரியில நீங்கள் இன்னொராளிட்டக் கேட்டுக் கேட்டுச் செய்த வேலை ஒண்டு, இப்ப கேக்காமல் தனியச் செய்யிறியள், அது என்ன வேலை, ஆர் காட்டித் தந்தது, எப்பிடிக் காட்டித் தந்தவர்? இதை ஒரு கிழமைக்கு முதலே குடுத்துவிடுங்கோ, நாலு வரி எழுதிக்கொண்டு வரட்டும், கடுதாசியோ ஃபோனோ எதுவெண்டாலும் பரவாயில்லை. பாத்து வாசிக்கிறது எண்டா வாயில்லாத பிள்ளையும் வாசிக்கும். வளந்தது வேலையில தெரியும், நன்றி அந்த வேலையைக் காட்டித் தந்தவரிட்டப் போய்ச் சேரும், ஒருத்தரும் ஒருத்தரையும் புகழ வேண்டி வராது.

ஒருக்கா ஒரு கணக்காளர் ஒஃபீஸில இப்பிடி வைச்ச நேரம் வேலைக்கு வந்து ரெண்டு வருஷமான பிள்ளை ஒண்டு எழும்பி வாசிச்சுது. மாதக் கடைசியில கணக்கு ஒத்துவராட்டி முந்தி தான் ஒவ்வொரு வவுச்சராப் பிரட்டிக்கொண்டு இரவு ஏழு மணி மட்டும் இருக்கிறதாம், மூலையில இருக்கிற அண்ணை ஒருநாள் வந்து, முதல் வித்தியாசத்தை ஒம்பதால பிரிச்சுப் பார் பிள்ளை, மிச்சமில்லாமல் பிரிபட்டா எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறிக் கிடக்கும், இரண்டால பிரிச்சுப் பார், அந்தத் தொகை எங்கயும் இருந்தா வரவில போடவேண்டியதைச் செலவில போட்டிருப்பாய் எண்டு சொல்லிக் குடுத்தவராம். அண்டைக்கு வித்தியாசம் 900. பாத்தா 5,400 எண்டு அடிக்க வேண்டியதை 4,500 எண்டு அடிச்சுக் கிடந்ததாம். “இப்ப நான் ஐஞ்சு மணிக்கு பஸ்ஸுக்குப் போறன், எங்கட அம்மாவும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவா” எண்டு முடிச்சுது, எல்லாரும் கொல்லெண்டு சிரிச்சிட்டினம். அந்த அண்ணைக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, உது என்ன பெரிய வித்தையே, எங்களுக்கு அந்தக் காலத்துத் தலைமைக் கிளாக் காட்டித் தந்தது, அவர் கல்குலேட்டரைத் தொட விடமாட்டார் எண்டு துவங்கி கால் மணித்தியாலம் கதைச்சவர். அந்த ஒஃபீஸில அவர் இவ்வளவு கதைச்சு ஒருத்தரும் கேட்டதில்லை எண்டு பேந்து முதலாளி சொன்னவர். இதில எங்கயும் “நீங்கள் நல்லவர், பொறுமையானவர்” எண்டு ஒரு சொல்லும் இல்லை எண்டதைக் கவனியுங்கோ. தொகை, செய்த காரியம், அதால பிள்ளை ஐஞ்சு மணி பஸ் பிடிக்கிறது, அவ்வளவும் தான்.

இந்த முறையில வாற பெயருகள் நீங்கள் நினைக்காத பெயரா இருக்கும், ட்ரைவர், கூட்டுற அக்கா, வாசல் செக்யூரிட்டி எண்டு வரும், மழைக்காலத்தில பைல் றூம் ஜன்னலை ஆர் பாத்துச் சாத்துறது எண்டு அப்ப தான் தெரியும், அதால அவையளையும் அறைக்குள்ள கதிரை போட்டு இருத்துங்கோ, ரீ குடுக்க மட்டும் கூப்பிடாதேங்கோ. ஒருத்தற்ர வாயிலயும் பேர் வராத ஆளும் இருப்பார். அதுக்கு நான் செய்யிறது, மீற்றிங்குக்கு முதலே எழுதினதுகளை வாங்கிப் பாத்து ஆற்ர பேர் வரேல்லை எண்டு கண்டு, அந்த ஆளைப் பற்றி மனேஜர் நேர கண்ட ஒரு காரியத்தை அவரிட்டக் கேட்டு எடுத்து, அதை அவரையே சொல்ல வைக்கிறது. கொஞ்சம் செட் பண்ணின மாதிரித் தான், எண்டாலும் சொல்லுற காரியம் உண்மையா இருந்தாக் காணும். அப்பிடிச் சொல்லுறதுக்கு ஒண்டுமே கிடைக்கேல்லை எண்டா அந்த ஆளுக்கு ஒருத்தரும் வேலை காட்டிக் குடுக்கேல்லை, அவரிட்ட ஒருத்தரும் போய்க் கேக்கிறதும் இல்லை எண்டு அர்த்தம், அது ஜனவரியில நீங்கள் பாக்க வேண்டிய வேலை.

புரமோஷன் கிடைக்காதவற்ர விசயத்துக்கு வாறன், இதில எனக்குச் சந்தேகமே இல்லை. அவரிட்ட மீற்றிங்குக்கு முதலே தனியக் கதைச்சு முடியுங்கோ. ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியில செய்த ஆய்வு ஒண்டு 1965ல வெளிவந்தது, வருஷ அப்ரைசலில, அதாவது வேலை மதிப்பீட்டில, குறை சொன்னா ஆள் தன்னைக் காப்பாத்தப் பாக்குமே ஒழிய திருந்தாது, புகழ்ந்தாலும் பெரிசா ஒரு மாற்றமும் இல்லை, சம்பளக் கதையையும் முன்னேற்றக் கதையையும் ஒரே இருப்பில கதைக்கப்படாது எண்டு அதில கண்டவை. அறுபது வருஷமாச்சு, இண்டைக்கும் எங்கட கொம்பனியள் ரெண்டையும் ஒரே ஃபோமில தான் வைச்சிருக்குதுகள். 1996ல குளூகர், டெனிசி எண்டவை 607 அளவீடுகளைச் சேத்துப் பாத்து, பின்னூட்டம் குடுத்ததில மூண்டில ஒண்டுக்கு மேல வேலை முந்தியை விடக் குறைஞ்சது எண்டு காட்டினவை. கவனம் வேலையை விட்டுப்போட்டு “என்னைப் பற்றி என்ன நினைக்கினம்” எண்டதுக்குப் போனா இது நடக்குது எண்டது அவையளின்ர விளக்கம். அதால உங்கட மூத்தவரிட்ட, ஏன் கிடைக்கேல்லை எண்ட உண்மையான காரணத்தைக் கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லுங்கோ, கொழும்பில தீர்மானிச்சது எண்டா அதையும் சொல்லுங்கோ. “அடுத்த வருஷம் கட்டாயம்” எண்டு உங்களால குடுக்கேலாத வாக்கைக் குடுக்காதேங்கோ. மீற்றிங்கில அவரைச் சமாதானப்படுத்திற மாதிரி விசேஷமாப் புகழாதேங்கோ, எல்லாருக்கும் விளங்கும், அவருக்கு இன்னும் நோகும். அவர் வரமாட்டன் எண்டா லீவு குடுங்கோ. வந்தா, நாலைஞ்சு பேர் எழுதினதில அவற்ர பேர் இருக்கும் எண்டு தான் நான் நினைக்கிறன், ஏனெண்டா எந்த ஒஃபீஸிலயும் வேலை காட்டிக் குடுக்கிறது இப்பிடி ஒரு ஆள் தான்.

திகதியைப் பாத்து வையுங்கோ. டிசம்பர் 26 வேண்டாம், வடமராட்சி கிழக்குப் பக்கம் சுனாமியில ஆக்களைப் பறிகுடுத்த குடும்பங்களில இருந்து உங்களிட்டயும் ஸ்ராஃப் இருக்கலாம். திருவெம்பாவை பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலயோ ஜனவரி தொடக்கத்திலயோ வரும், விரதகாரர் இருப்பினம், அதால மட்டன் ரோல்ஸை விட்டுப்போட்டு மரக்கறி ரோல்ஸும் கேக்கும் போதும், கேக்கில முட்டை இருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ. இதை விட முக்கியம், இந்த வருஷம் செத்தவீடு நடந்த ஆள் ரீமில இருந்தா. ஆண்டுத்திவசம் முடியும் மட்டும் பொங்கலே பொங்காத வீட்டில இருந்து வாற ஒராளை எழுப்பி இந்த வருஷம் உங்களுக்குக் கிடைச்ச நல்லது என்ன எண்டு கேக்கப்படாது. வேலையைப் பற்றின கேள்வி எண்டபடியால் என்ர கேள்வியில இந்த ஆபத்துக் குறைவு, எண்டாலும் விரும்பினா வாசிக்காமல் விடலாம் எண்டு எல்லாருக்கும் பொதுவா முதலே சொல்லி வையுங்கோ. பிறகு ஊர் வாய் ஒண்டு இருக்கு. ஒரு பெடியன் ஒரு பிள்ளையைப் பற்றி எல்லாருக்கும் முன்னால நாலு நல்ல சொல்லுச் சொன்னா, பின்னேரம் அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை மட்டும் போயிடும். ஆளைப் பற்றிச் சொல்லாமல் காரியத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் தான் முதல் வாசிக்கோணும், அதுவும் உங்களுக்குக் கீழ வேலை செய்யிற ஒராளிட்ட நீங்கள் பழகினதை. ஹார்வர்டில எமி எட்மண்ட்சன் எண்டவா ஆஸ்பத்திரி வார்டுகளில மருந்துப் பிழைகளைப் பற்றி ஆராயேக்க, நல்ல ரீமுகளில தான் கூடப் பிழை பதிவாகிக் கிடந்ததைக் கண்டவா, பிழை கூட நடந்ததால இல்லை, அங்க பயமில்லாமல் வெளியில சொன்னதால எண்டு அவா எடுத்த முடிவு. 1999ல இந்தப் பயமில்லாமல் சொல்லுற தன்மையை ஒரு உற்பத்திக் கொம்பனியின்ர 51 ரீமுகளிலயும் பாத்தவா. மனேஜர் “எனக்கு இது தெரியாது, இந்தத் தங்கச்சி தான் காட்டித் தந்தவா” எண்டு சொல்லுற இடத்தில மற்றவையும் தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுவினம். சேர்மார் கடைசியா எழும்பி அரை மணித்தியாலம் உரை ஆத்துற வழக்கத்தை இந்த ஒரு நாளைக்கு எண்டாலும் விடுங்கோ. இன்னொண்டும் சொல்லோணும், ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின்ர 8 வீதத்தை வெட்டிப்போட்டு தங்கட 12 வீதத்தையும் சேத்து ஒழுங்காக் கட்டாத, ஈரிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதத்தைக் கண்ணிலயும் காட்டாத இடங்களும் எனக்குத் தெரியும், அங்க போய் இந்த மீற்றிங்கை நடத்தித் தா எண்டு கேட்டா நான் போறேல்லை. உங்கட இடம் அப்பிடி இல்லை எண்டு நினைக்கிறன்.

நேரம், பதினொரு பேருக்கு ஒரு மணித்தியாலம் காணும். பின்னேரம் நாலு மணிக்கு வையாதேங்கோ, பருத்தித்துறை பஸ்ஸுக்குப் போற ஆள் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு இருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம் நல்லது. கைதட்டல், பரிசு, இந்த வருஷத்தின்ர சிறந்த ஊழியர் எண்ட கப் ஒண்டும் அண்டைக்கு வேண்டாம், குடுக்கிறது எண்டா வேற ஒரு நாளில குடுங்கோ. படம் எடுத்து ஃபேஸ்புக்கில போடுறதுக்கு முதல் கேளுங்கோ. கொழும்புக்கு ரிப்போர்ட் அனுப்பச் சொன்னா, எத்தினை பேர் வந்தவை, என்னென்ன வேலை புதுசாப் பழகியிருக்கினம், இன்னும் ஒராளுக்கு மட்டும் தெரிஞ்ச வேலை எது எண்ட மூண்டையும் அனுப்புங்கோ, எழுதின கடுதாசியள் எழுதினவையளிட்டயோ பேர் வந்தவையளிட்டயோ இருக்கட்டும். அந்த மூண்டாவதை அவை கேட்டிருக்க மாட்டினம், ஆனா ஒராள் திடீரெண்டு லீவில நிண்டா இல்லாட்டி கனடாவுக்கு வெளிக்கிட்டா எந்த வேலை நிக்கும் எண்டு அதில தெரியும், அடுத்த வருஷ ட்ரெயினிங் காசு கேக்கிறதுக்கு அதையே காட்டலாம்.